வெள்ளை நூல் கட்டிய கொம்பு

ஏலக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் மூக்கக்கா. அவளைவிட வயதில் மூத்தவரான முதலாளிகூடக் கோபம் இல்லாத நேரங்களில் அப்படித்தான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் ‘அம்மா’ என்பார். அதனால் வெளியாள் யாராவது மரியாதையாக அம்மா என்று அழைத்துவிட்டால் அவளுக்கு முதலில் பகீரென்றுதான் இருக்கும்.

மூக்கு ஒன்றும் பெரிய மூக்கு இல்லை. சப்பையும் இல்லாத எடுப்பும் இல்லாத சாதாரண மூக்கு. கணவன் உயிரோடு இருந்த கொஞ்ச காலத்தில் அவனும் அதைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. பெயர் வந்தது வேலையால். பழைய வெடிமருந்துக் கொம்புகளை மோந்து பார்த்து உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று சொல்வாள். உலகத்தில் இப்படியும் ஒரு பிழைப்பா என்று கேட்பவர்களிடம் அவளுக்குப் பொறுமை கிடையாது. ஊரார் சமையலில் உப்புப் பார்ப்பதற்கு ஆள் இருக்கலாமாம், கொம்பில் மருந்து பார்ப்பதற்கு இருக்கக் கூடாதாம்.

அந்தக் காலத்துத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. குழலுக்குள் கரிமருந்தைக் கொட்டி, குண்டை இடித்து இறக்கி, அதன் பிறகுதான் சுட வேண்டும். அந்த மருந்தை ஈரம் படாமல் தூக்கிக்கொண்டு திரிய மாட்டுக் கொம்பைவிடத் தோதான பாத்திரம் வேறு இல்லை. அகன்ற பக்கத்தை ஒரு மரவட்டால் மூடி ஆணி அடிப்பார்கள். கூர்முனையில் துளை போட்டு ஒரு தக்கையைச் செருகுவார்கள். வார் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டால் வேட்டைக்காரனும் சிப்பாயும் மழையில்கூடப் போகலாம். பொழுது போகாதபோது கத்தி முனையால் அதன்மேல் மானையும் ஆற்றையும் தன் பெயரையும் கீறி வைத்தார்கள். அப்படிக் கீறின கொம்புகளுக்குத்தான் இன்றைக்கு ஏலத்தில் அடித்துக்கொள்கிறார்கள்.

கொம்பைக் கையில் வாங்கியதும் புதிதாக வருகிறவர்கள் தேடுவது அதில் கீறியிருக்கும் வருடத்தை. மூக்கக்கா அதைக் கடைசியில்தான் பார்ப்பாள். வருடத்தை யார் வேண்டுமானாலும் கீறலாம். போன வாரம் கீறி, தேயிலைச் சாற்றில் ஊறப்போட்டுப் பழசாக்கி, பாட்டனார் வைத்திருந்தது என்று கண்ணில் நீரோடு கொண்டுவந்து நீட்டுகிற பேர்வழிகளை அவள் நிறையப் பார்த்தாயிற்று. உண்மையாகத் தோளில் தொங்கின கொம்பு ஒரு பக்கம்தான் தேயும். உடம்போடு உரசின பக்கம் வழவழவென்று இருக்கும். அங்கே மானுக்குக் கால் இருக்காது, எழுத்துக்குத் தலை இருக்காது. வெளிப்பக்கம் கீறல் அப்படியே நிற்கும். போலிக்காரன் எதற்கு வம்பு என்று நாலு பக்கமும் ஒரே மாதிரி தேய்த்துவிட்டு மாட்டிக்கொள்வான். மரவட்டு வயதாக ஆக ஒரு வாக்கில் சுருங்கி முட்டை வடிவமாகும். ஆணி கொல்லன் அடித்ததா, இயந்திரத்தில் வந்ததா என்பதற்குப் பூதக்கண்ணாடி போதும். சூடான ஊசியை ஓரத்தில் தொட்டால் முடி பொசுங்கின நாற்றம் வர வேண்டும். வராவிட்டால் அது கொம்பே இல்லை, பிளாஸ்டிக்.

ஆனால் ஊசியோ தீயோ பக்கத்தில் வருவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. கரிமருந்துக்கு வயது ஆவதில்லை. ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் முதல் நாள் போலவே பற்றிக்கொள்ளும். ரொப்பினவன் செத்து, அவன் பேரன் செத்து, வீடு இடிந்து விழுந்த பிறகும் கொம்புக்குள் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். நாளடைவில் கட்டிதட்டிவிடுவதால் குலுக்கினாலும் சத்தம் வராது. தக்கையை அரக்கு ஊற்றி அடைத்திருப்பார்கள் என்பதால் திறந்தும் பார்க்க முடியாது. ஆனால் தக்கைக்கும் கொம்புக்கும் நடுவே எப்படியும் மயிரிழை அளவு சந்து இருக்கும். அதில் மூக்கை வைத்தால், மருந்து இருந்தால், தீக்குச்சி உரசி அணைத்த மாதிரி மெல்லிய கந்தக வாடை. அதுவும் எல்லார் மூக்குக்கும் எட்டாது. எட்டுகிற மூக்கு அவளுடையது.

மோந்து பார்த்ததும் கொம்பின் கழுத்தில் நூல் கட்டுவாள். வெள்ளை நூல் என்றால் காலி. சிவப்பு நூல் என்றால் மருந்து. சிவப்பு கட்டினது நேரே முற்றத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். நாள்கணக்கில் ஊறி மருந்து செத்துப்போகும், ஆனால் கூடவே கொம்பும் வீங்கி, மரவட்டு பிளந்து, மானும் ஆறும் மங்கிப்போகும். வெள்ளை கட்டினது முற்றத்தின் கோடியில் இருக்கும் பட்டறைக்குப் போகும். அங்கே ஒருவன் மின்சாரச் சூட்டுக்கோலை அரக்கில் வைத்து உருக்கி, தக்கையை அலுங்காமல் கழற்றி, உள்ளே துடைத்து, மெருகேற்றிக் கொடுப்பான். திறந்து துடைக்காத கொம்பை விற்கக் கூடாது என்பது அந்தக் கூடத்தின் சட்டம்.

சூட்டுக்கோல் பிடிக்கிறவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

அவனை அந்த வேலைக்குக் கொண்டுவந்து விட்டவளே அவள்தான். கல்யாணம் வேண்டாம் என்று நாற்பதைத் தாண்டியவன். எதை உடைத்தாலும் ஒட்டிவிடுவான், எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வான். தையல்கடை மாடியில் இரண்டு அறை வீட்டில் அக்காவும் தம்பியும் குடியிருந்தார்கள். சண்டை போடுவதும் சாப்பிடுவதும் ஒன்றாகத்தான். “உன் கழுத்து நூல்லதாண்டா என் தம்பி உசுரு இருக்கு” என்று அவள் கொம்பைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வெள்ளை நூலைக் கட்டுவாள். வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், காய்ச்சல் வரும்வரைக்கும்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் இருவருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்தது. தம்பி எழுந்தான், சாப்பிட்டான், வேலைக்குப் போனான். அவளும் எழுந்தாள். எல்லாம் திரும்பி வந்தது, வாசனை மட்டும் வரவில்லை. முதலில் சோப்பு மட்டம் என்று கடைக்காரனைத் திட்டினாள். பிறகு டீத்தூளைத் திட்டினாள். ஒரு மாலை அடுப்பில் பால் தீய்ந்து, பாத்திரம் கருகி, வீடே புகைந்துகொண்டிருந்தது. அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி மாடிப்படியிலிருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து அடுப்பை அணைத்தான்.

“என்னக்கா, எங்க இருக்கே நீ?”

“ஏதோ யோசனைடா.”

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கருகின பாத்திரத்தைத் தேய்க்க எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் போனாள். வந்தாலும் வரும், வராமலும் போகும், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் அவர். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு, தையல்கடைக்காரரே சொல்லியிருப்பாரே என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். மூக்குப் போன மூக்கக்காவை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார்? தரையைக் கூட்டச் சொல்வார். இரக்கப்பட்டுக் கூட்டச் சொல்வார், அதுதான் இன்னும் மோசம். இந்த ஒரு காரியத்தில்தான் அவளை ஊர் மதித்தது. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவள் யார்? இதை அவள் தன்னிடமே கேட்டுப் பார்த்தாள். முதலாளியிடம் அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். அடுத்த வாரமும் அதையேதான் செய்தாள்.

சும்மாவும் இருந்துவிடவில்லை அவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். பெரும்பாலான கொம்புகளை அந்தக் காலத்தில் சீவிச் சீவி மெலிதாக்கியிருப்பார்கள். பின்னால் டார்ச் அடித்தால் தேன்நிறமாக ஒளி ஊடுருவும். மருந்து இருந்தால் கருநிழல் தெரியும். அப்படிப் பார்த்து வெள்ளையும் சிவப்புமாகக் கட்டினாள். பார்ப்பவர்களுக்காகக் கொம்பை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடித் திறக்கிற நாடகத்தையும் விடவில்லை. ஒளி புகாத தடிக் கொம்பு வந்தால் எதற்கு வம்பு என்று சிவப்பு நூலைக் கட்டிவிட்டாள். ஒரு தடவைகூடத் தப்பு நடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பட்டறையிலிருந்து சூட்டுக்கோலை அணைத்துவிட்டுத் தம்பி வெளியே வருகிறவரை அவளுக்குச் சோறு இறங்காது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்த பிறகுதான் டப்பாவைத் திறப்பாள்.

ஒருநாள் பட்டறைக்குள் எதற்கோ நுழைந்தபோது அவன் ஒரு கொம்பை முகத்துக்கு வெகு அருகே வைத்துக்கொண்டு நின்றான்.

“என்னடா பண்றே?”

“விரிசல் பாக்கறேன்.”

“கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடேண்டா. முத்தம் கொடுக்கற மாதிரி நிக்கறான்.”

அவன் சிரித்துக்கொண்டே கொம்பைக் கீழே வைத்தான்.

சிவப்பு நூல்கள் கூடக்கூட முதலாளியின் முகம் சுருங்கியது. தொட்டியில் ஊறிக் கெட்டுப்போன கொம்பொன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மரவட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளேயிருந்து வெறும் தண்ணீர்தான் சொட்டியது.

“என்னம்மா இது? உள்ள ஒரு சிட்டிகை மருந்துகூட இல்ல. தண்ணில போட்டு நாசம் பண்ணியாச்சு.”

அம்மா என்றதும் அவளுக்குக் காது அடைத்தது.

“லேசா வாடை அடிச்சுதுங்க. ரிஸ்க் எடுக்க வேணாம்னு...”

“முன்னெல்லாம் லேசான வாடைக்கும் நிஜ வாடைக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியுமே.” அவர் அவள் முகத்தையே பார்த்தார். “உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

“எனக்கென்னங்க, கல்லு மாதிரி இருக்கேன்.”

அவர் போன பிறகு அடுத்த கொம்பை எடுத்து, யாரும் பார்க்காவிட்டாலும் மூக்கருகே கொண்டுபோனாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எருமைக் கொம்பு வந்து சேர்ந்தது. பூட்டிக் கிடந்த பழைய வீடொன்றைக் காலி செய்தபோது பரணில் கிடைத்ததாம். கன்னங்கரேலென்று, முழங்கை நீளத்துக்கு, கையில் வாங்கும்போதே கனத்தது. மேலே வேட்டைக் காட்சி. ஓடுகிற மான், அதன் பின்னால் நாய்கள், நாய்களுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவன். அவனுக்கு முகம் கீறவில்லை. வெறும் வட்டத்தோடு விட்டிருந்தது. மூக்கக்காவுக்குப் பொம்மைகள் மேலெல்லாம் பயம் கிடையாது, என்றாலும் அந்த முகமில்லாதவனைத் தன் பக்கம் பார்க்காதபடி திருப்பி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினாள்.

பார்க்கப் பார்க்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மரவட்டு அழகாக முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ஆணிகள் கொல்லன் கையால் அடித்தவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. ஆணித் துளைகளைச் சுற்றித் துரு ஊறிய வட்டம் கலையவே இல்லை. அதாவது ஒரு தடவைகூட எவனும் கழற்றவில்லை. பூச்சி அரித்த தடம் ஒன்று கீறலுக்குக் குறுக்கே ஓடியது. கீறின பிறகு அரித்திருக்கிறது, ஆகவே கீறல் பழசு. வார் கட்டுகிற பள்ளத்தில் தேய்மானமே இல்லை. தோளில் மாட்டித் திரியவே இல்லை யாரும். தக்கையைச் சுற்றி ஊற்றின அரக்கு கண்ணாடி போலப் பளபளத்து, எங்கும் உடையாமல் இருந்தது. கீறியிருந்த வருடத்தைக் கடைசியாகப் பார்த்தாள். அவள் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்தியது. இத்தனை வருஷத்தில் கைபடாத கொம்பு என்று ஒன்றை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பிறகு டார்ச்சை எடுத்தாள். ஒளி ஒரு பொட்டுகூட ஊடுருவவில்லை. எருமைக் கொம்பு, சீவவும் இல்லை, எப்படித் தெரியும்? கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். கனம்தான். ஆனால் தடிக் கொம்பு கனக்காமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மூக்கருகே கொண்டுபோனாள். இழுத்துப் பார்த்தாள். கண்ணாடி டம்ளரை மோந்து பார்த்தது போல இருந்தது.

சிவப்பு நூலைக் கையில் எடுத்தாள். தொட்டியில் போட்டால் இந்த ஆணிகளும் அரக்கும் எல்லாம் பாழ். முதலாளி மறுபடி வந்து ‘என்னம்மா’ என்பார், இந்தத் தடவை விடமாட்டார். தம்பியைக் கூப்பிட்டு நீ ஒரு தடவை மோந்து பாரேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பான். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இத்தனை நாள் உன் உயிரை டார்ச் வெளிச்சத்தில் தொங்கவிட்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆசையும் பயமும் ஒரே பக்கம் இழுத்தன. வெள்ளை நூலைக் கட்டினாள். வழக்கமாகக் கொம்பிடம் சொல்கிற வேடிக்கைப் பேச்சை அன்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தம்பி தும்மிக்கொண்டே எழுந்தான். முகம் வீங்கியிருந்தது, மூச்சு வாயால்தான் வந்தது.

“அக்கா, அந்த எருமைக் கொம்ப நாளைக்குத் தொறந்தா என்ன?”

“முதலாளி இன்னிக்கே வேணும்கறார். ஏலத்துக்கு வெக்கணுமாம்.”

“மூக்கு சுத்தமா அடைச்சிருக்கு. லீவு போட்டுடவா?”

“ஒரு சளிக்கு லீவா? ஊர்ல எவனுக்கும் சளி பிடிக்கல, உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?” என்றாள். அவளுக்கு அந்தக் கொம்பு விஷயம் சீக்கிரம் முடிந்து தொலைந்தால் போதும் என்றிருந்தது. இன்னொரு ராத்திரி இதை நினைத்துக்கொண்டு புரள முடியாது.

தைலப் புட்டியை எடுத்து அவன் நெற்றியிலும் மூக்குத் துளையைச் சுற்றியும் வழிய வழியத் தடவினாள்.

“போதும்க்கா, கண்ணு எரியுது. ஒரு புட்டியையும் கொட்டிட்டே.”

“மத்தியானம் மறுபடி தடவறேன்” என்று புட்டியைத் தன் தோள்பையில் போட்டுக்கொண்டாள்.

செருப்பை மாட்டும்போது அவன் தலையைத் தூக்காமலே கேட்டான். “நீ நல்லாப் பாத்தேல்ல?”

“பாத்துத்தானே நூல் கட்டியிருக்கேன்.”

“சரி” என்றான்.

பத்து மணிக்கெல்லாம் பல் டாக்டர் வந்துவிட்டார். கொம்பு சேர்க்கிற பைத்தியம் பிடித்த மனிதர். நோயாளிகளை வாயைத் திறந்தபடி நாற்காலியில் விட்டுவிட்டு ஏலக்கூடத்துக்கு ஓடி வருகிறார் என்று ஊரில் பேச்சு உண்டு. முதலாளி அவரை நேரே மூக்கக்காவின் மேசைக்குத்தான் அனுப்பினார்.

“என்னக்கா, ஏதோ அதிசயம் வந்திருக்காமே? எங்க, கண்ல காட்டுங்க.”

“பட்டறையில இருக்கு டாக்டர். தக்கை கழட்டிட்டு இருக்காங்க. போட்டோ பாருங்க.” படங்களை வரிசையாக மேசைமேல் பரப்பினாள். பரப்பினதும் பயம் கொஞ்சம் விலகி அவளுக்குப் பழைய குரல் வந்துவிட்டது. “இந்த ஆணியப் பாருங்க. துரு வட்டம் கலையல. எவனும் கழட்டல. இந்த வார்ப் பள்ளத்தப் பாருங்க, தேயவே இல்ல. தோள்ல மாட்டினதே கிடையாது. அரக்கப் பாருங்க. ஊத்தினவன் ஊத்தினதுதான். இது செஞ்ச நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவகூடத் தொறக்காத கொம்பு டாக்டர். ஒரே ஒரு தடவ ரொப்பி, அடைச்சு, அப்படியே பரண்ல வெச்சுட்டான்.”

பல் டாக்டர் படத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு பிரமித்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

“அப்போ ரொப்பினதை யாரு வெளிய எடுத்தா?”

மூக்கக்கா மேசைமேல் கிடந்த படங்களைப் பார்த்தாள்.

நேற்று பூராவும் அவள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டதெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கழற்றாத ஆணி, தேயாத பள்ளம், உடையாத அரக்கு. வயதைக் கணிக்கிற புத்தி ஒரு பக்கம், உயிரைக் காக்கிற புத்தி ஒரு பக்கம் என்று அவள் தலைக்குள் தனித்தனி அறை போட்டு வைத்திருந்தாள். அதுவரை காலியா என்ற கேள்விக்கு எப்போதும் மூக்குத்தான் பதில் சொல்லியிருந்தது, கண்ணைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நாற்காலி கவிழ்ந்தது. எழுந்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது. பையைத் தோளில் மாட்டியபடியே கூடத்தைத் தாண்டி முற்றத்தில் இறங்கினாள். “டேய், தொடாதே! தொடாதேடா!” என்ற சத்தம் தன்னுடையதுதானா என்றிருந்தது. பொருள் பார்க்க வருகிறவர்களின் பிள்ளைகள் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று பட்டறைக் கதவை அவன் எப்போதும் உள்ளே தாழிட்டுக்கொள்வான். அதுவும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். கதவைத் தட்டாமல் ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி குனிந்து உட்கார்ந்திருந்தான். இடது கையில் கறுப்புக் கொம்பு, வலது கையில் சூட்டுக்கோல். மேசை ஓரத்தில் அவிழ்த்து வைத்த வெள்ளை நூல். அவள் இரண்டு கையாலும் கண்ணாடியில் அறைந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அக்கா என்று தெரிந்ததும், வேலை நடுவே அவள் கூப்பிடும்போதெல்லாம் செய்வது போலவே, சூட்டுக்கோல் பிடித்த கையில் சுண்டுவிரலை மட்டும் தூக்கிக் கொஞ்சம் இரு என்று காட்டினான்.

ஜன்னல் கண்ணாடி மொத்தமாக அவள்மேல் வந்து விழுந்தது.

ஆஸ்பத்திரியில் தம்பிக்கு நினைவு தெளிய நாளாயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். அவர்கள் அதைச் சொன்ன விதத்திலேயே மற்றதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. இடது கையில் மணிக்கட்டோடு சரி. இடது கண் இல்லை. முதலாளி வந்தார். அவளுடைய நெற்றித் தையல்களைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பேசலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் அம்மா என்றும் கூப்பிடவில்லை, மூக்கக்கா என்றும் கூப்பிடவில்லை.

அவள் வீட்டுக்கே போகவில்லை. கட்டில் பக்கத்து முக்காலியில் அதே புடவையோடு, அதே தோள்பையோடு உட்கார்ந்திருந்தாள். அவன் கண் விழித்ததும் முதல் காரியமாகச் சொல்லிவிட வேண்டும், அடித்தாலும் சரி, முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு பிற்பகல் அவன் மிச்சமிருந்த கண்ணைத் திறந்து அவளைத் தேடினான்.

“அழாதேக்கா.”

“எனக்கு மூக்குப் போச்சுடா” என்றாள். சேர்த்து வைத்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. “அந்தக் காய்ச்சல்லயே போச்சு. ஒண்ணும் தெரியல எனக்கு. உன்கிட்ட சொல்லாம நூல் கட்டிட்டேன்.”

“தெரியும்.”

அவளுக்கு அவன் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

“பால் தீஞ்சுதே, அன்னிக்கே தெரியும்” என்றான். பேசப் பேச மூச்சு வாங்கியது. “நீ கட்டி அனுப்பறதை எல்லாம் நானும் ஒரு தடவ மோந்து பாத்துட்டுத்தான் கோலை வைப்பேன். எனக்கு உன்னளவு தெரியாது. ஆனா ஏதோ தெரியும்.”

“ஏண்டா சொல்லல?”

“சொன்னா நீ வேலைய விட்டுடுவே. விட்டுட்டு மூலையில உக்காந்துடுவே.” கொஞ்சம் நிறுத்தினான். “நீ வெள்ளை கட்டினது ஒண்ணுகூடத் தப்பாப் போகலக்கா. மூக்குப் போனாலும் கை போகலன்னு நினைச்சேன்.”

முத்தம் கொடுக்கிறவன் போலக் கொம்பை முகத்தோடு வைத்துக்கொண்டு அவன் நின்றது அவள் கண்முன் வந்தது. அதன் பின்னால் இன்னொன்றும் வந்தது.

“அப்போ அன்னிக்குக் காலைல நாளைக்குத் தொறக்கலாம்னு நீ கேட்டது...”

மிச்சமிருந்த கையால் அவள் முந்தானை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள். பிறகு அவன் முகத்தை அவள் பக்கம் திருப்பி, மெதுவாக மூச்சை இழுத்தான்.

“சளி விட்டுப்போச்சு போல. உன் பைல தைலம் கொட்டியிருக்குக்கா. இந்த ரூமே மணக்குது.”

அவள் பையைத் திறந்து பார்த்தாள். புட்டியின் மூடி கழன்று, கைக்குட்டை, டார்ச், பூதக்கண்ணாடி, சுற்றி வைத்திருந்த வெள்ளை நூல்கண்டு எல்லாம் தைலத்தில் ஊறிப் பிசுபிசுத்தன. இத்தனை நாளும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். நூல்கண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணும் வரலடா” என்றாள்.